டேல் ரஸ்க்கின் இடது பக்கம்

கோரலி டீகால் ஓரிடத்தில் உட்கார முடியாது. குதிரை மேல் ஏறினாலும் அவள் உட்காருவதில்லை, நிற்கத்தான் செய்கிறாள். நாற்காலியில் உட்கார வைத்தால் ஐந்தாவது நிமிடம் எழுந்து ஜன்னலைத் திறப்பாள், ஆறாவது நிமிடம் மூடுவாள். வயது நாற்பத்து நான்கு. அதில் இருபத்தாறு வருடம் விக்டோரியாவின் மேற்குப் பக்கத்துச் சின்ன ஊர்களில் பந்தயக் குதிரை ஓட்டியே போயிற்று. தோள்பட்டைக் காறையெலும்பு இரண்டு தடவை உடைந்திருக்கிறது. விலா எலும்புக் கணக்கை அவளே விட்டுவிட்டாள். மெல்போர்னில் ஒரு பெரிய பந்தயம்கூட ஜெயித்ததில்லை, அதற்காக அவளைத் தவிர வேறு யாரும் அவளைக் குறைத்து நினைத்ததும் இல்லை. பந்தய நாளில் எடை ஏறாமலிருக்க இரண்டு உப்பு பிஸ்கட், பால் விடாத டீ அரை கப். மைதானத்தில் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் விற்கிற கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

ஜாக்கிகள் நடுவே அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது ஓட்டிச் சம்பாதித்த பெயரல்ல, வாயை மூடிச் சம்பாதித்தது. பந்தயத்தில் ஒருவன் இன்னொருவன் குறுக்கே புகுந்து இடித்துவிட்டால், நடுவர்கள் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டு வீடியோவைப் போடுவார்கள். அப்போது இடிபட்டவர் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று இருக்கிறது. "கொஞ்சம் நெருக்கமாயிடுச்சு சார். என் குதிரையும் வெளியே சாய்ஞ்சுது." இதை எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, எவரும் மறந்ததும் இல்லை. கழுத்து முறியப் பார்த்திருந்தாலும் இதே வசனம்தான். வெளியே வந்து இடித்தவனைக் கெட்ட வார்த்தையால் குளிப்பாட்டலாம், சட்டையைப் பிடித்து உலுக்கலாம். அதெல்லாம் குடும்ப விவகாரம். உள்ளே மட்டும் வாய் திறக்கக் கூடாது. கோரலி ஒரு நாளும் வசனம் மாறியதில்லை. "உங்ககிட்ட கேக்கறதுக்கு அந்தக் குதிரைகிட்டயே கேட்டிருக்கலாம்" என்று தலைமை நடுவர் பெட்டிஃபர் ஒரு தடவை அலுத்துக்கொண்டார். அதை ஜாக்கிகள் அறையில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கோரலிக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

டேல் ரஸ்க் அவளுடைய கார் கூட்டாளி. அங்கே ஒரு பந்தயத்துக்கும் இன்னொன்றுக்கும் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டும் என்பதால் ஜாக்கிகள் ஜோடி சேர்ந்துதான் போவார்கள். இவர்கள் இருவரும் பதினோரு வருடமாக ஒரே வெள்ளைக் காரில் போய்வருகிறார்கள். அவன் ஓட்டுவான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலை ஏற்றி இறக்குவாள். அவள் விவாகரத்து முழுவதையும் அந்தக் காருக்குள்தான் அழுது தீர்த்தாள். அவன் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, வண்டியை மட்டும் மெதுவாக ஓட்டினான். மற்றபடி அவன் வாய்க்கு ஈடு கிடையாது. எந்த விசாரணையிலும் குற்றத்தை ஒப்புக்கொண்ட வரலாறே கிடையாது. காற்றின் மேல் பழி போட்டிருக்கிறான், குதிரைச் சொந்தக்காரரின் தொப்பி மேல் போட்டிருக்கிறான், ஒரு தடவை வேலியில் உட்கார்ந்திருந்த மேக்பை பறவை மேலும் போட்டான்.

போன ஜூலையில் சேற்றுத் தரையில் விழுந்தபோது ஒரு குதிரையின் குளம்பு அவன் இடது கண்ணுக்குக் கீழே பட்டது. எலும்பு விரிசல் விட்டது. மூன்றே மாதத்தில் மருத்துவச் சான்றிதழோடு திரும்பி வந்தான். "டாக்டர் சுவத்துல மாட்டியிருக்கற எழுத்தெல்லாம் எனக்குத் தலைகீழாப் பாடம். வேணும்னா பாடிக் காட்டட்டுமா?" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், கோரலிதான் அதிகமாகச் சிரித்தாள்.

அந்த பிப்ரவரிச் சனிக்கிழமை மிர்ராவாங் ஊர்ப் பந்தயத்துக்குப் போகும் வழியில் ரொட்டிக்கடை முன்னால் நிறுத்தும்போது, காரின் இடது பக்கக் கண்ணாடி கம்பத்தில் பட்டு மடங்கியது. கம்பம் நெருங்கி வருவதைக் கோரலி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனும் பார்க்கிறான் என்றுதான் நினைத்தாள்.

"கண்ணு எங்கடா வச்சிருக்க?"

"கம்பம்தான் நகந்து வந்துச்சு. நீயே சாட்சி."

அவள் சிரித்துவிட்டுக் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டாள்.

நாலாவது பந்தயத்தில் கடைசி வளைவு இடது கைப்பக்கம் திரும்புகிறது. கோரலியின் செம்பழுப்புக் குதிரை உள்வேலியை ஒட்டி வந்துகொண்டிருந்தது. டேல் அவளுக்கு வலப்புறம், அரைக் குதிரை நீளம் முன்னால். இரண்டு நீளம் முன்னேறிய பிறகுதான் ஒருவர் உள்ளே வெட்டலாம் என்பது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். டேல் தலையைத் திருப்பினான், அவள் பக்கம் பார்த்தான். அவன் மாட்டியிருந்த சவாரிக் கண்ணாடியில் தன்னுடைய சிவப்புத் தொப்பி தெரிந்ததைக் கூட அவள் கண்டாள். ஆளைக் கண்டுவிட்டான், இனி பயமில்லை என்று நினைத்தாள். அடுத்த நொடி அவன் உள்ளே வந்தான்.

அவள் கத்தினாள். கடிவாளத்தை இழுத்ததில் குதிரையின் முன்கால் அவன் குதிரையின் பின்குளம்பில் பட்டது. தரை மேலே வந்தது. எப்படியோ பிடரியைக் கட்டிக்கொண்டு கழுத்தில் தொங்கினாள், எப்படியோ குதிரை நிமிர்ந்தது. இறங்கி வந்து, சேணத்தைக் கையில் பிடித்தபடி எடைத்தட்டில் ஏறினாள்.

"கொஞ்சம் நெருக்கிட்டேனா?" என்றான் டேல். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"கொஞ்சமா? என் சாவுக்குப் பூ வாங்க வச்சிருந்த காசை எடுத்துக் குடிடா போ!"

அவள் திட்டினால் பதிலுக்கு அவன் ஏதாவது சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். அன்று அவன் தன் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

பத்து நிமிடத்தில் ஒலிபெருக்கி இருவர் பெயரையும் கூப்பிட்டது. நடுவர்கள் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டிஃபர் முன்னாள் போலீஸ்காரர், குரலை உயர்த்தாத மனிதர். முதலில் கோரலியைக் கேட்டார்.

"கொஞ்சம் நெருக்கமாயிடுச்சு சார். என் குதிரையும் வெளியே சாய்ஞ்சுது."

"சாயவே இல்லியேம்மா. இதோ, எதிர்ல இருக்கற கேமரா." அவர் வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தினார். "ரஸ்க், நீங்க திரும்பிப் பாத்தீங்க."

"ஆமா சார்."

"பாத்த இடத்துல இவங்க இருந்தாங்க. பாக்காம உள்ள வந்திருந்தா எனக்குப் புரியும். பாத்துட்டு வந்திருக்கீங்க. ஏன்?"

காற்று வரப்போகிறது, இல்லாவிட்டால் பறவை வரப்போகிறது என்று கோரலி காத்திருந்தாள்.

"தப்பு என்னோடதுதான் சார். கவனக்குறைவா ஓட்டிட்டேன். ஒத்துக்கறேன்" என்றான் டேல். கடன்காரனைக் கண்டவன் போல அவசரமாகச் சொன்னான்.

பெட்டிஃபர் அவனை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கவனக்குறைவான சவாரிக்குப் பதினெட்டு நாள் தடை என்று எழுதினார். அங்கே தடை உடனே தொடங்காது, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சவாரிகளை முடித்துவிட்டுத்தான் வீட்டில் உட்கார வேண்டும். ஆகவே இன்றைய கடைசிப் பந்தயத்தை டேல் ஓட்டலாம். டேல் நன்றி சொல்லிவிட்டு எழுந்தான். வெளியே போகும்போது இடது தோள் கதவுச் சட்டத்தில் இடித்தது.

அப்போதுதான் கோரலிக்கு உறைத்தது. பதினோரு வருடம் எதையும் ஒப்புக்கொள்ளாதவன் இன்று ஏன் ஒப்புக்கொண்டான்? பறவை மேல் பழி போட்டால் கேள்வி நீளும். கேள்வி நீண்டால் ஏன் என்பது வெளியே வரும். கவனக்குறைவு என்றால் பதினெட்டு நாள். உண்மை என்றால் ஆயுள் முழுவதும்.

ஜாக்கிகள் அறையில் அவள் இங்கேயும் அங்கேயும் நடந்தாள். தண்ணீரைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். கடைசிப் பந்தயத்தில் அவளுக்குக் குதிரை இல்லை. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்தாள். பன்னிரண்டு குதிரைகள். டேல் நிற்கப்போவது பன்னிரண்டாவது தொடக்க வாசலில், எல்லோருக்கும் வெளியே. ஓட்டம் தொடங்கியதும் அவன் உள்ளே வந்தாக வேண்டும், பதினோரு பேரும் அவனுக்கு இடது பக்கம். அவனை ஒட்டிப் பதினோராவது வாசலில் டெஸ் ஹாலி, பிரசவத்துக்குப் பிறகு போன மாதம்தான் திரும்பி வந்தவள். மூலையில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தபடி பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டேல் பெஞ்சில் குனிந்து சவாரிக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தான். கோரலி சத்தமில்லாமல் அவன் இடது பக்கம் போய் நின்றாள். ஒரு புதினா மிட்டாயை எடுத்து அவன் கன்னத்துக்கு அருகே நீட்டினாள். காரில் தினமும் நீட்டுவதுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள். அவன் எதிரே பார்த்தபடி வாரை இறுக்கிக்கொண்டே இருந்தான். பத்து எண்ணியதும் கையை இறக்கினாள். கொஞ்ச நாளாக அவள் நீட்டிய மிட்டாயை வாங்காமல் அவன் ஏன் மௌனமாக இருந்தான் என்பது இப்போது விளங்கியது. ஏதோ கோபம் என்று நினைத்து அவளும் பதிலுக்கு முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"வெளியே வா" என்றாள்.

குதிரைகளைக் குளிப்பாட்டும் இடத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. ஈக்கள் மட்டும் மொய்த்தன.

"எவ்வளவு நாளா?"

"என்னது எவ்வளவு நாளா?"

"டேல், நான் உன் பொண்டாட்டி இல்ல, என்கிட்ட நடிக்காத. இடது கண்ணு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆகஸ்ட்லேர்ந்து. ஓரத்துல திரை போட்ட மாதிரி இருக்கு. நேரா தெரியுது, பக்கத்துலதான் தெரியல. தலையத் திருப்பி சமாளிச்சுக்கறேன்."

"சமாளிச்ச லட்சணத்தைத்தான் காலையில பாத்தேனே. கம்பம். அப்புறம் நான்."

"பதினெட்டு நாள் ஓய்வு கிடைக்குது இல்ல? சரியாயிடும்."

"சரியாகாதுடா."

"இன்னும் ஒரே ஒரு சீசன், கோரலி. குதிரைய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? உனக்கு என்ன தெரியும், சொல்லு பாப்போம்!"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுக்கும் வேறு ஒன்றும் தெரியாது.

"இன்னைக்குக் கடைசி ரேஸ் மட்டுமாவது விட்டுடு. வயித்து வலின்னு சொல்லு. நான் தண்ணி கொண்டாந்து குடுத்து நடிக்கறேன்."

"ட்ரெய்னர் கியோ என்னை நம்பிக் குதிரை குடுத்திருக்காரு. இதுதான் ஜெயிக்கப்போற குதிரைன்னு ஊரே சொல்லுது." அவன் நிமிர்ந்தான். முகம் முழுவதையும் அவள் பக்கம் திருப்பினான், அப்படித் திருப்பினால்தான் தெரியும் போல. "நீ சொல்ல மாட்ட. நீ யாரையும் காட்டிக் குடுத்ததே இல்ல."

அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இவ்வளவு காலம் பெருமையாகச் சுமந்த பெயரை எடுத்து இவன் தன் முகத்துக்கு முன்னால் கேடயமாகப் பிடிக்கிறானே என்று ஆத்திரமாக இருந்தது. அவனை விட்டு நடந்தாள். அவன் பின்னால் வரவில்லை. நடுவர்கள் அறை அறுபது காலடித் தூரம்தான். போகும் வழியில் இரண்டு தடவை நின்றாள், ஒரு தடவை திரும்பவும் செய்தாள். ஜாக்கிகள் அறைக்குள் டெஸ் இன்னும் அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கோரலி நடுவர்கள் கதவைத் தட்டினாள்.

பெட்டிஃபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லுங்க கோரலி."

"நாலாவது ரேஸ் விஷயம், சார்."

"அதுதான் முடிஞ்சுபோச்சே. அவரே ஒத்துக்கிட்டார்."

"அவன் பொய் சொல்லிட்டான் சார்." நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவன் கவனக்குறைவா ஓட்டல. நல்லாத் திரும்பித்தான் பாத்தான்."

பெட்டிஃபர் திரையை ஒரு தடவை பார்த்தார். டேலின் முகம் அவளை நோக்கித் திரும்பிய இடத்திலேயே அது நின்றிருந்தது. நிதானமாகப் பேனாவை எடுத்தார்.

"எந்தக் கண்ணு?"

"இடது" என்றாள் கோரலி.

கடைசிப் பந்தயத்தில் கியோவின் குதிரையை வேறொருவன் ஓட்டினான். ஜெயித்தது. டெஸ் எட்டாவதாக வந்து, தன் பாட்டைப் பாடிக்கொண்டே குளிக்கப் போனாள். கோரலி பையை எடுத்துக்கொண்டு ஜாக்கிகள் அறையைக் கடந்தபோது பேச்சு நின்றது. ஒருவன் தரையில் காறித் துப்பினான். விஷயம் அதற்குள் பரவிவிட்டது.

கார் போயிருக்கும், பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும் என்று எண்ணியபடி வந்தாள். கார் நின்றிருந்தது. சாவி ஓட்டுநர் இருக்கையில் கிடந்தது. டேல் இடது பக்கம், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. ஜன்னல் வழியே கையை விட்டு, காலையில் மடங்கிய கண்ணாடியைத் தடவிப் பிடித்து நேராக்கினான்.

அவள் ஏறி இருக்கையை முன்னால் தள்ளினாள், பின்னால் தள்ளினாள், மறுபடி முன்னால் தள்ளினாள். வீட்டுக்கு இருநூற்று எண்பது கிலோமீட்டர்.

"திட்டணும்னா திட்டிடு. அடிக்கணும்னாலும் அடி" என்றாள்.

அவன் அவள் பக்கம் பார்த்தான். அதற்குத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

"ஆகஸ்ட்லேர்ந்து நீ என் இடது பக்கத்துல வெறும் குரலாத்தான் இருந்த. இங்க உக்காந்தா முழுசாத் தெரியற" என்றான். "வயசாயிடுச்சு உனக்கு. வண்டிய எடு."