தெற்குக் காற்றில் சவரம் இல்லை

எஸ்தெபே சவரக்கத்திகளைத் துடைத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறார் என்றால், தெற்குக் காற்று கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஒந்தாரோவா துறைமுகத்தில் என் ரொட்டிக்கடைக்கு அடுத்தது அவருடைய சலூன். வெதுவெதுப்பான காற்று அது. அது வீசினால் வானம் தெளிந்து, தூரத்து மலைகள் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டதுபோல் தெரியும். நல்ல மனிதர்கள் காரணமில்லாமல் சண்டை பிடிப்பார்கள்.

"இன்னிக்குக் கத்தரிக்கோல் மட்டுந்தான். என் கையை நானே நம்பமாட்டேன்" என்பார்.

எங்கள் பாஸ்க் மொழியில் மழை பெய்வதில்லை. 'மழையைச் செய்கிறது' என்போம். எது செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எஸ்தெபே மட்டும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். தெற்குக் காற்று சட்டென்று செத்து, வடமேற்கிலிருந்து கடலே எழுந்து வருவதற்கு 'எம்பாத்தா' என்று பெயர். அவருடைய அப்பாவைக் கொண்டுபோனது அதுதான். அந்தச் சொல்லை அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை.

போன செப்டம்பரில் அப்படியொரு நாளில் மீனவர் பாலெந்தின் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் முடிவெட்டக் காத்திருந்தேன்.

"சாயந்தரம் என் மக கல்யாணம்ப்பா. இந்தத் தாடியோடயா நிக்கச் சொல்ற?"

எஸ்தெபே முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். ஒரு கன்னம்தான் முடிந்திருக்கும். வாசல் திரைச்சீலை அசைவற்றுத் தொங்கியது. கடற்காகங்கள் தெருவுக்குள் நடந்து வந்தன.

"கடல்ல யாருய்யா இருக்கா?"

"தம்பி கோர்கா. விருந்துக்கு நண்டு எடுக்கப் போயிருக்கான்."

"கூப்பிடு அவனை!"

போனில் கோர்கா சிரித்தான். "அண்ணே, கடல் கண்ணாடியாட்டம் கிடக்கு. அந்தச் சலூன்காரர் பயமுறுத்துறாரா?"

எஸ்தெபே போனைப் பிடுங்கி, "எம்பாத்தா" என்றார்.

மறுமுனையில் சிரிப்பு ஏற்கெனவே நின்றிருந்தது. பிறகு இணைப்பும் அறுந்தது. அடுத்த நிமிடம் பகல் இருண்டு, எதிர்வீட்டு ஓடுகள் பறந்தன. பாலெந்தின் பாதிச் சவரத்தோடு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நுரை அவர் கன்னத்திலேயே காய்ந்தது.

புயல் அடங்கியபோது எஸ்தெபே கதவைத் திறந்தார். சொட்டச் சொட்ட நனைந்த கோர்கா உள்ளே வந்தான். அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நல்லவேளை, எஸ்தெபே சொன்னதும் திரும்பிட்டே."

"அதுக்கு முன்னாடியே படகைத் திருப்பிட்டேண்ணே." குளிரில் அவன் பற்கள் தந்தியடித்தன. "போனை நீங்க கை மாத்தினீங்கள்ல, அப்பவே ஒரு குரல் அதே வார்த்தையைச் சொல்லிச்சு. போன்ல இல்ல. படகுல, எனக்குப் பின்னால."

அவன் தனியாகத்தான் போயிருந்தான்.

யாருடைய குரல் என்று எஸ்தெபே கேட்கவில்லை. கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு, ஈரத் தெருவைப் பார்த்தபடி, இன்னும் ஒருவர் நுழைவதற்கு வேண்டிய அளவு நேரம் ஒதுங்கி நின்றார்.