வெளியே போட்ட தாழ்ப்பாள்

வேன் கதவைச் சாத்தச் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு நழுவப் பார்ப்பேன்.

நான் சத்துவாச்சாரிக்காரி. நர்ஸ் படிப்பு முடித்து ஓர் உதவி நிறுவனத்தில் சேர்ந்து, ஈராக்கின் வடக்கே ஒரு முகாமில் யசீதிப் பெண்களோடு இரண்டு வருடம் வேலை பார்த்தேன். யசீதிகள் தங்களுக்கென்று தனி மதம் கொண்ட சின்ன இனம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஐஎஸ் ஆட்கள் அவர்கள் ஊர்களுக்குள் புகுந்து ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள், பெண்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டுபோய் அடிமைகளாக விற்றார்கள். அதிலிருந்து தப்பி வந்த ஒருத்தி எனக்குத் தோழியானாள்.

அவள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு முஸ்லிம் ஊர். அங்கே சிலர் கொலைகாரர்களோடு சேர்ந்தார்கள், சிலர் யசீதிகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே அறையில் உட்கார்ந்து தோல் பை தைத்தால் மெல்லப் பேச்சு வரும் என்பது எங்கள் நிறுவனத்தின் திட்டம். சொல்லிக்கொடுக்க என் தோழி வேண்டும். அவள் போனால் மற்ற யசீதிப் பெண்களும் போவார்கள், அவள் மாட்டேன் என்றால் அறை காலி. அவளை மூன்று வாரம் ஆம்பூருக்கு அழைத்துவந்து தோல் தையல் பழக்கலாம் என்பது என் யோசனை. “பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றுதான் விமானம் ஏறினாள்.

ஆம்பூரில் அவளைச் சேர்த்த ஷூ கம்பெனியில் அடுத்த மெஷினில் பள்ளிகொண்டாவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அக்கா. வேலை நேரத்தில் தலையில் துப்பட்டா மட்டும்தான் போட்டிருப்பார். ஒருநாள் அக்காவின் விரலில் ஊசி ஏறியபோது தோழிதான் ஓடிப்போய்க் கழுவி பிளாஸ்திரி ஒட்டினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, சிரித்தே சமாளித்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திட்டம் பலித்துவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன்.

அதுவரை நிறுவனத்தின் காரில் போய்வந்தோம். மறுநாள் கார் ரிப்பேர். ஷிப்ட் முடிந்ததும் பெண்களை ஊருக்கு ஊர் இறக்கிவிடும் வேன் இருக்கிறதே, பள்ளிகொண்டா வரை அதில் போகலாம், இன்னும் கலந்து பழகட்டும் என்று நினைத்தேன். அந்த வேனின் கதவு பழசு, ஹைவேயில் தானாகத் திறந்துகொள்ளும். அதனால் டிரைவர் ஆட்களை எண்ணி, கதவை இழுத்துச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போடுவார். எத்தனையோ வருடமாக அப்படித்தான். அங்கே யாருக்கும் அது உறுத்தியதே இல்லை.

“இன்னாக்கா, எல்லாம் ஏறியாச்சா?” என்று டிரைவர் என்னைக் கேட்டார்.

அன்று அவருக்குப் பதில் நானே ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். தோழியின் தலையையும் தொட்டேன். “பதினாலு! சாத்துண்ணா.”

தாழ்ப்பாள் விழுந்தது. வேன் கிளம்பியதும் அக்காவும் மற்றவர்களும் பைகளிலிருந்து புர்காவை எடுத்து மாட்டினார்கள். சுற்றிலும் கறுப்பு. தோழியின் கை என் கைக்குள் ஐஸாக இருந்தது. திடீரென்று எழுந்து கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தாள். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. முகாமில் எத்தனையோ அழுகையைப் பார்த்தவள் நான், இப்படியொரு மௌனத்தைப் பார்த்ததில்லை.

“அரே, நிறுத்துண்ணா! பொண்ணு மூச்சே வுடல!” என்று கத்தியது அக்காதான்.

டிரைவர் ஓரம் கட்டித் திறந்தார். எங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு குதித்து, நேராக ஹைவேக்குள் ஓடினாள். ஒரு லாரி ஹாரன் அடித்தபடி குறுக்கே வந்தது. அது கடந்தபோது அவளைக் காணோம்.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். “அறிவிருக்கா உனக்கு? வெளியில எதுக்குத் தாப்பா?” என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்கதானேக்கா சாத்தச் சொன்னீங்க” என்றார் அவர், மெதுவாக.

ஒரு மணி நேரம் தேடினோம். அவள் போன் வேனிலேயே கிடந்தது. எந்த லாரி பிரேக் போட்டாலும் திரும்பிப் பார்த்தேன். சாலையில் எது கிடந்தாலும், சாக்கோ டயர் துண்டோ, கிட்டப் போய்ப் பார்க்கத் தைரியமில்லாமல் வேறு யாரையாவது அனுப்பினேன். தன்னைப் பிடித்துப்போனவர்களிடமிருந்து தப்பித்தவளை நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும் பெண்கள் ஒருத்திகூட நேரமாகிறது என்று சொல்லவில்லை.

“இங்க கீறாங்க. கூட்டம் போடாதீங்க” என்று அக்காவின் குரல் கேட்டது.

தென்னந்தோப்பில் பம்புசெட் அறைக்கு வெளியே, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பத்தடி தள்ளி அக்கா வெறும் மண்ணில் உட்கார்ந்து, முகத்திரையைத் தூக்கிவிட்டு, பிளாஸ்திரி போட்ட விரலை நீட்டிக்கொண்டிருந்தார். தோழி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்த் தொடப் போனேன். அவள் சுருண்டு பின்வாங்கினாள். அக்காவிடமிருந்து அல்ல, என்னிடமிருந்து.

இரண்டு நாள் என் வீட்டில் என்னோடு பேசவில்லை. ராத்திரியெல்லாம் அறைக்கதவைத் திறந்தே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்:

“பேருந்தில் ஏற்றியபோது அவர்களும் தலையைத் தொட்டுத்தான் எண்ணினார்கள். நீயும் எண்ணினாய்.”

மன்னிப்புக் கேட்டேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, “நான் அந்த அறைக்குப் போகிறேன். கதவை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாள்.

அவள் மட்டும் ஊருக்குத் திரும்பினாள். அறை திறக்கிற நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. போனைத் தொடவும் பயம், தொடாமல் இருக்கவும் பயம். மாலையில் ஒரு போட்டோ வந்தது. மெஷின்களோ பெண்களோ அதில் இல்லை. கீலோடு கழற்றிய அந்த அறைக்கதவு வெளிச்சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்.

“குளிர்காலம் வந்தால் பார்த்துக்கொள்வோம்.”