நைனா படிக்க, அண்ணன் குத்திய புத்தகம்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் இல்லம் வந்திருக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை எங்கள் தகப்பனார் நைனா, தங்கையாகிய என்னிடம் கொடுத்தார்.

அண்ணன் பிறந்தது பொதட்டூர்பேட்டையில், நெசவாளர் குடும்பத்தில். பிறகு நைனா திருத்தணியில் துணிக்கடை வைத்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு, தறி எல்லாம். அண்ணன் தறியில் உட்கார்ந்தால்கூட மடியில் ஒரு கதைப் புத்தகம் இருக்கும். பதினேழாவது வயதில் அவருக்குப் பெரியம்மை கண்டது. உயிர் தங்கியது, பார்வை போய்விட்டது.

"மலைப் படிக்கட்டுல ஒரு துண்ட விரிச்சு ஒக்கார வைங்க, முருகன் பாத்துக்குவான்" என்று ஓர் உறவினர் சொன்னார். அம்மா அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அண்ணனிடம் நைனா பேசுவதே குறைந்துபோனது. கோபம் இல்லை, என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

யுத்தம் தொடங்கிய சமயம், ரயில் நிலையத்து நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கும் பார்வை இல்லை. வயதும் அண்ணன் வயதுதான். ஒருநாள் அண்ணனை நான் அந்தப் பக்கம் அழைத்துப் போனபோது அவர் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் இருந்தார்.

"காகிதம் சலசலங்குதே, இன்னா பண்றீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"படிச்சுகினு இருக்கேன்."

"யாரு படிச்சுக் காட்டறாங்க?"

"யாரும் இல்லீங்க. நானேதான்."

அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் அந்த நண்பருடன் சென்னைக்கு ரயிலேறினார். அங்கே பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

காகிதத்தில் புடைத்து நிற்கும் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தை அங்கே கற்றார். தறி வேலையில் காய்த்துப்போன விரல் நுனிக்கு முதலில் புள்ளிகள் தட்டுப்படவில்லை. தினமும் வெந்நீரில் கையை ஊறவைத்தாராம். கடைசியில் இடது கை மோதிர விரல்தான் வழிக்கு வந்தது. அந்தப் புள்ளிகளைக் குத்தி எழுதக் கற்றது அதைவிடச் சிரமம். இரண்டு தகடுகளுக்கு நடுவே காகிதத்தை வைத்து, மேல் தகட்டின் சிறு கட்டங்களுக்குள் ஊசியால் அழுத்த வேண்டும். புள்ளி மறுபக்கம்தான் எழும். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப் போட்டுக் குத்த வேண்டும்.

பள்ளியில் தமிழ்ப் புத்தகங்கள் சொற்பம். ஊர் திரும்பிய அண்ணன், அம்மை காண்பதற்கு முன் பாதி படித்து விட்டிருந்த கப்பல் வியாபாரி கதையைத் தானே குத்தி எடுப்பதென்று தீர்மானித்தார். "நானே முழுசும் படிச்சுக் காட்டறேனே" என்றேன். "நீ படிச்சா, நீ நிறுத்தற எடத்துல நானும் நிக்கணும்" என்றார். காகிதப் பஞ்சக் காலம். நூல் கட்டுகளைச் சுற்றிவரும் தடித்த காகிதத்தைச் சேர்த்து வைத்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் குத்தினார். தகட்டையோ ஊசியையோ யாராவது நகர்த்திவிட்டால் வீடு இரண்டாகும். அந்தக் கோபம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

புத்தகம் முடிந்த வாரம் அண்ணன் சோளிங்கருக்குப் போயிருந்தார். புடைத்து நின்ற காகிதங்களைப் பார்த்த நைனா, மகனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, வேட்டி மடிப்புகளை அழுத்தும் பலகையின் கீழ் வைத்து மேலே கல்லை ஏற்றினார். அண்ணன் திரும்பியதும் தானே எடுத்துக் கொடுத்தார்.

"பாருப்பா, வழவழன்னு ஆயிடுச்சு. தெச்சுக் குடுக்கறேன்."

அண்ணன் ஒரு பக்கத்தைத் தடவினார். அடுத்ததையும் தடவினார். "ஒண்ணும் இல்லீங்களே நைனா" என்றார்.

அந்தப் புடைப்புதான் எழுத்து என்பது நைனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"நைனா, இன்னொரு தபா குத்தலாம். இந்த தபா நீங்க படிங்க."

"எனக்கு வேகமா வராதேப்பா."

"எனக்கும்தான்."

நைனா தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஊசியின் வேகத்துக்கு அது சரியாக இருந்தது. என்னைத்தான் அண்ணன் வரிக்கு வரி நிறுத்துவார். நைனாவை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. கடை அடைத்ததும் இருவரும் உட்காருவார்கள். படிப்புக்கு நடுவே பேச்சு வந்தது; சிரிப்பும் வந்தது. அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சென்னை போன அண்ணனைப் பள்ளியிலேயே ஆசிரியராக வைத்துக்கொண்டார்கள். அதன்பின் அவர் குத்திய புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. சென்ற ஆண்டு விஷ ஜுரத்தோடு வீட்டுக்கு வந்தவர், நைனாவின் கையைப் பிடித்தபடியே அமைதியாகக் கண் மூடினார்.

நூல்கட்டுக் காகிதம் சேர்த்துக் கொடுத்த அம்மையார்குப்பத்து உறவினர்களுக்கும், பிரம்பு பின்னும் அந்த நண்பருக்கும், ஜுரத்தில் இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கருமகாரியத்தன்று, அண்ணனோடு பணியாற்றிய பார்வையற்ற ஆசிரியை ஒருவர் அந்தக் கப்பல் வியாபாரி புத்தகத்தைக் கொண்டுவந்து, கூடியிருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினார். நடுவில் நிறுத்தினார்.

"இங்க 'கப்பல் கரையைக் கடந்தது'ன்னு இருக்குங்க. 'அடைந்தது'ன்னு இருக்கணும். கப்பல் எப்படி சார் கரையைக் கடக்கும்னு பிள்ளைங்க வருஷா வருஷம் சிரிப்பாங்க. திருத்திடலாமான்னு சார்கிட்ட கேட்டேன். 'வேணாம், அது எங்க நைனா படிச்சது'ன்னுட்டார்."

நைனா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டை விலக்கி, "அது எந்த எடம், காட்டும்மா" என்று கையை நீட்டினார். அந்த அம்மையார் அவர் விரலைப் பிடித்து, அந்த வரியின் மேல் வைத்தார்.