சோறு மிஞ்சாத கேன்டீன்

எழுபதுகளின் பிற்பகுதியில், கும்மிடிப்பூண்டியில் புதிதாக முளைத்த ஓர் இரும்புக் கம்பெனியின் கேன்டீனில் நான் சமையல்காரனாக இருந்தேன். இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் சின்ன கம்பெனிதான். எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் கோயில் மடப்பள்ளி வேலை. நான் மட்டும் மாதச் சம்பளம் என்று கிளம்பி வந்துவிட்டதில் அப்பாவுக்கு என்மேல் ஏக வருத்தம். மனைவி அப்போது மாசமாக இருந்தாள். ஸ்டேஷன் பக்கம் ஒற்றை அறையில் குடித்தனம்.

என் சமையலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அப்படிப்பட்டவன் வடித்த சோறு தினமும் மதியம் எச்சில் டிரம்மில் வெளியே போனால் எப்படி இருக்கும்? சைரன் ஊதியதும் கூட்டம் நெருக்கக் கூடாது என்று தட்டுகளில் முன்கூட்டியே சோறும் சாம்பாரும் பரிமாறி வரிசையாக வைத்துவிடுவேன். ஆட்கள் வருவார்கள், நாலு வாய் அள்ளுவார்கள், மீதியை அப்படியே டிரம்மில் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

ஒரு நாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். "பாதிச் சோறு குப்பைக்குப் போகுது. இதுக்கு ஒரு கேன்டீன் எதுக்குன்னு முதலாளி கேக்கறார். மாசக் கடைசியோட மூடிடச் சொல்லிட்டார்" என்றார். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் வேலை போனால், அப்பா முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பயம் வந்தால் சிலர் அழுவார்கள். எனக்குக் கோபம் வரும். அன்று தட்டுகளை வைத்த கையோடு நேராக உலைக்கூடத்துக்குப் போனேன். அதிகம் மிச்சம் வைக்கிற ஆள் அங்கேதான் வேலை செய்தார். பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற குடும்பம். ஏரியை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு வந்தவர். என் சமையலில் என்ன குறை கண்டீர் என்று சண்டைக்கே நின்றேன். அவர் சிரித்தார்.

"இன்னாத்துக்கு சாமி கோச்சிக்கினு கீற? சோறு நல்லாத்தான் கீது. தொண்டையில எறங்கணும்ல? நீ கொஞ்ச நேரம் இந்த பர்னஸாண்ட நின்னு பாரு. அப்பால பேசு."

வீம்புக்கு நின்றேன். நாள் முழுக்க அடுப்படியில் வேகிறவனுக்கு இதென்ன பெரிய சூடு என்ற நினைப்பு. சற்று நேரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டியது. காது மடல் எரிந்தது. எச்சில் விழுங்கப் பார்த்தால் வாயில் எச்சிலே இல்லை. சைரன் ஊதியதும் அவர்களோடு வந்து, நான் பரிமாறி வைத்திருந்த தட்டின் முன் உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன். மென்று மென்று பார்க்கிறேன், உள்ளே போக மாட்டேன் என்கிறது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிட்டது. கடைசியில் என் சோற்றை என் கையாலேயே டிரம்மில் கொட்டினேன்.

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போனேன். தட்டுகளை நிரப்பி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுகிறேன், சாப்பாட்டுச் சைரனுக்குச் சற்று முன்னால் உலைக்கூடத்திலேயே ஆளுக்கொரு குவளை மோர் கொடுக்க மட்டும் அனுமதி வேண்டும் என்று கேட்டேன். வேலை நேரத்தில் மோரா என்று அவர் முகம் சுளித்தார். நானும் விடவில்லை. "ஒரு வாரம். அதுக்கப்புறம் என்கிட்ட வராதே" என்று அனுப்பினார்.

மறுநாள் இஞ்சியும் உப்பும் தட்டிப்போட்டு, நீராகப் பெருக்கிய மோரை அண்டாவோடு தூக்கிப் போனேன். ஆட்கள் நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தார்கள். கைகால் கழுவிக் கேன்டீனுக்கு வருவதற்குள் பசி எழும்பிவிட்டது. காலித் தட்டை நீட்டினார்கள். கேட்ட அளவு கரண்டியால் போட்டேன். சிலருக்கு அரைக் கரண்டியே போதும். சிலர் மறுபடி மறுபடி வந்தார்கள். அண்டாவில் மிஞ்சியதைப் பார்த்து அடுத்த நாள் அரிசியைக் குறைத்தேன். அதற்கடுத்த நாள் இன்னும் சரியாக வந்தது.

டிரம்மில் சேரும் சோற்றை எடுத்துப்போக, புதுவாயலில் மாடு வளர்க்கும் ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வருவார். நாளுக்கு நாள் சோறு குறைந்ததில் பதறி, அந்த வாரக் கடைசியில், பாதிப் பேர் சாப்பிட்டு எழுந்து மீதிப் பேர் வரிசையில் நிற்கும்போதே வந்துவிட்டார். டிரம்மைச் சாய்த்துப் பார்த்தால் கழுநீர் மட்டும்தான். மனுஷன் நேராக மேனேஜர் அறை வாசலுக்கே போய்க் கத்தினார்.

"இன்னா சார், கம்பெனில ஸ்ட்ரைக்கா? டிரம்மு காலியா கீது! என் மாடுங்க இன்னாத்தத் துன்னும்? ஒரே பேஜாரா கீதே!"

எனக்காக வக்கீல் வைத்திருந்தால்கூட இவ்வளவு அழகாகப் பேசியிருக்க மாட்டார். மேனேஜர் எழுந்து வந்து டிரம்மை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஆட்கள் விசிலடித்தார்கள். அவர் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து போய் முதலாளிக்கு போன் போட்டார். கேன்டீன் பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. பழவேற்காட்டுக்காரர் என்னை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இறக்கிவிடுய்யா என்று கத்தினேனே தவிர, உள்ளுக்குள் ராஜா மாதிரி இருந்தது. அன்று வீட்டுக்கு நடந்தேனா, பறந்தேனா என்று தெரியாது.

அதே கேன்டீனில்தான் தலை நரைத்து ஓய்வு பெற்றேன். இன்றைக்கும் யாராவது தட்டில் சோற்றை மீதி வைத்தால் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், இந்த மனிதர் எந்தச் சூட்டிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிறாரோ என்று யோசித்துவிட்டு, முதலில் ஒரு குவளை மோரை நீட்டுகிறேன்.