புளியங்கொட்டை மாலை

இன்று காலை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது விரலில் ஒரு கொட்டை தட்டுப்பட்டது. கொட்டை எடுத்த புளி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இது எப்படியோ தப்பி வந்திருக்கிறது. முந்தானையில் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சிரிப்பீர்கள், அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு மாரண்டஹள்ளியில் ஒரு புளிக் கிடங்கில் வேலை பார்த்தேன். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டுகிற வேலை. அந்த வாசம் எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு வாய் ஊறும் என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வோம்.

எனக்கு எதிரில் உட்கார்ந்து தட்டியவள் மல்லிகா. என் வயதுதான். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஊர்க்கதை பேச, அவள் கொட்டைக் குவியலில் குனிந்து ஒன்றிரண்டைப் பொறுக்குவாள். அவற்றை ஊறவைத்து, சாக்குத் தைக்கும் கோணூசியால் துளையிட்டு, நிழலில் உலர்த்தி, பழஞ்சேலைத் துணியால் நாள்கணக்கில் தேய்த்து மணியாக்குவாள். "பொழப்பத்த வேலை" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு வாய் அதிகம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கவரிங் நகை பட்டால் என் கழுத்து கொப்பளித்துவிடும். தங்கத்துக்கு வீட்டில் வழியில்லை. பெண்ணை வெறுங்கழுத்தாக மணையில் உட்காரவைக்கக் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். கிடங்கில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாத. நான் பண்ணித் தரேன்" என்றாள் மல்லிகா.

ஒன்றரை மாதம் ஆனது. ஒரே நிறத்தில், ஒரே பருமனில் மணிகள், மூன்று சரம். கொக்கிகூட உலோகமில்லை, நூல் கண்ணியில் மாட்டுகிற ஒரு கொட்டைதான். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் நடுச்சரத்தில் ஒரு மணி கீறல் விட்டது. சரம் முழுவதையும் அறுத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம். "ஒரு கொட்டதானடி? யாரு பாக்கப் போறாங்க?"

"கீறுனது கழுத்துல குத்தும். உனக்குத் தாங்காது."

நானும் குனிந்து, உருண்டோடிய மணிகளைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

தீர்த்தமலை அடிவாரத்தில் கல்யாணம். முகூர்த்தம் நெருங்கியும் அவளைக் காணோம். மணையில் உட்காரச் சொல்லி அம்மா என் கையைப் பிடித்தபோது, பஸ்ஸை விட்டிறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். மூச்சிரைக்க மடியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டாள். கனமே இல்லை. வெயில் பட்டதும் மணிக்கு மணி செம்பழுப்பாக ஒரு வெளிச்சம் ஓடியது. எத்தனை ஆயிரம் கொட்டைகளை இந்தக் கையால் தட்டித் தள்ளியிருப்பேன்! ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

மாமியார் கிட்டே வந்து ஒரு மணியைத் தொட்டார். "இது என்னா கல்லு?"

"புளியங்கொட்டைங்க" என்றாள் மல்லிகா.

அவர் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு மணியாகத் தடவிக்கொண்டே போனார். "எத்தினி நாளு ஒக்காந்த, கண்ணு?"

மல்லிகா இன்றும் செய்கிறாள். போனில் கேட்பவர்களிடம், "அவசரம்னா கடையில வாங்கிக்கங்க" என்று சொல்லிவிடுகிறாளாம். கிடங்கு போய், அங்கே கல்யாண மண்டபம் வந்துவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் ஓசூர் பக்கம் சிதறிவிட்டார்கள்.

அந்த மாலையும் இப்போது இல்லை. மறு வருஷமே மாமியார் திருவிழாவுக்கு ஒரு நாள் என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருஷம் அவர் காலமானபோது தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றினோம். மாலையை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று முன்னமே சொல்லிவைத்திருந்தார். அது கழுத்தில் இருக்க, எங்கள் நிலத்திலேயே அடக்கம் செய்தோம்.