மார்கழி வாரம் விற்பனைக்கு

பழைய கார் விற்றுக் கொடுப்பவனை ஜனங்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பழைய விடுமுறை விற்றுக் கொடுப்பவனைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்துபோய்விடுவார்கள். தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் அந்தத் தரகுத் தொழிலில் இருந்தேன். தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜாக்கெட் துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலை மேல் ஒரு விடுதி. அதில் ஓர் அறை, வருஷத்தில் ஒரு வாரம் உங்களுக்கு. முப்பது சொச்சம் வருஷத்துக்கு. பெயர் டைம்ஷேர். பெரிய ஓட்டலின் ஹாலில் உட்கார வைத்து, சமோசாவும் காப்பியும் கொடுத்து, "ஒரு தடவை பணம் கட்டுங்கள், ஆயுசுக்கும் விடுமுறை" என்பார்கள். கட்டி முடித்த பிறகுதான், போனாலும் போகாவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்பது தெரியவரும். அது ஏறுமே தவிர இறங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதைப் படிக்கும் உங்களில் யாராவது அந்தச் சமோசாவைத் தின்றிருந்தால் வெட்கப்பட வேண்டாம். நாமெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை விளம்பரம்

"டைம்ஷேர் ஒப்பந்தங்கள் வாங்க, விற்க அணுகவும்" என்று பேப்பரில் மூன்று வரி விளம்பரம் கொடுத்தோம். திங்கட்கிழமை காலையிலிருந்து டெலிபோன் ஓயவில்லை. நானும் என் பங்குதாரர் குமரேசனும் மாற்றி மாற்றி எடுத்தோம். அடையாறிலிருந்து ஒரு டாக்டர், மயிலாப்பூரிலிருந்து ஒரு வக்கீல், ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு என்ஜினியர். எல்லாரும் விற்கத்தான் கூப்பிட்டார்கள். சாயங்காலம் வரை வாங்குகிறேன் என்று ஒரு குரல் வரவில்லை. ஒரே ஒரு பெண்மணி மட்டும் எவ்வளவு விலை என்று கேட்டார். தன்னுடையதை எவ்வளவுக்கு விற்கலாம் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாராம்.

குமரேசன் டெலிபோனை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாம ஊருக்குத் துணி தைக்கக் கடை போட்டிருக்கோம்னு நெனச்சேன்ப்பா. பழந்துணிக்குப் பாத்திரம் குடுக்கிற கடையாயிருச்சு."

எல்லாவற்றிலும் உசத்தியான வாரம்

பட்டாபி மாமாவும் ஜெயா மாமியும் அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பக்கத்தில் வீடு. மாமா மத்திய சர்க்கார் உத்தியோகம். அடுத்த சித்திரையில் ரிட்டயர்மென்ட். அவர் வாங்கியிருந்தது கொடைக்கானலில், டிசம்பர் கடைசி வாரம். 'சிவப்பு சீசன்' என்று பெயர். இருப்பதிலேயே விலை அதிகம். விலை அதிகமாக இருந்ததால்தான் அதை வாங்கினாராம். பென்ஷனில் பராமரிப்புக் கட்டணம் கட்டிக் கட்டுப்படியாகாது, அதற்குள் யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்பது அவர் அவசரம். ஏற்கெனவே இரண்டு வருஷப் பாக்கி வேறு வட்டியோடு நின்றது.

"இதுவரை எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஒரு தடவைகூடப் போகவில்லை என்றார். மாமி அதுவரை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த மலைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு அப்பறமா வித்துடலாமே, சார்? நான் கொடைக்கானலே பார்த்ததில்லை" என்று என்னிடம் கேட்டார். மாமா என்னைப் பார்த்து, 'நீங்களே சொல்லுங்கள்' என்கிற மாதிரி கையை விரித்தார்.

"என்னடி பேசறே? மார்கழியில, கச்சேரி சீசன்ல, யாராவது மெட்ராஸை விட்டுட்டு வெளியூர் போவாளா?"

மொத்தமாகக் கூட்டியவர்

முதலில் சிக்கியவர் பாத்திரக்கடை முதலாளி ஒருவர். தெற்கேயிருந்து வந்து ரங்கநாதன் தெரு முனையில் கடை போட்டவர். மாமாவின் வாரம் பாதி விலைக்கு வருகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்ப்பது போல என்னையும் ஒரு தட்டு தட்டினார். பெயர் மாற்றக் கட்டணம் உண்டா? உண்டு. பராமரிப்பு? வருஷா வருஷம். வெந்நீருக்கும் கரண்டுக்கும்? அது தனி. சாப்பாடு? அதுவும் தனி. வேறு ஊர் விடுதிக்கு மாற்றிக்கொள்ள? அதற்கு ஒரு சங்கம் இருக்கிறது, அதில் சேரச் சந்தா. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்ட ஆட்ட, அவர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே வந்தார். நான் பொய் சொல்லவில்லை. கேட்காத வரைக்கும் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். அதைத் தொழில் தர்மம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

கடைசியில் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஏ தம்பி, இந்தத் துட்டுக்கு நான் ஓட்டல்ல ரூம் போட்டு, மூணு வேளையும் நல்லாத் தின்னுட்டு, திரும்பி வரையில ஊருக்குப் போயி அல்வாவும் வாங்கிட்டு வருவேனே!" அதோடு எனக்கு மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

விஷயத்தைச் சொல்ல மாமா வீட்டுக்குப் போன் செய்தேன். மாமிதான் எடுத்தார். "அவர் குளிச்சிண்டிருக்கார். விக்கலையே? அப்படியா! நான் சந்தோஷப்படப்படாது. இருங்கோ, கவலையா சொல்லிடறேன் அவர்கிட்ட."

டூயட்டுக்கு ஏற்ற அறை

வடபழனியிலிருந்து ஒரு சினிமா புரொடக்ஷன் மேனேஜர் வந்தார். துரை என்று பெயர். டிசம்பர், கொடைக்கானல், பனிமூட்டம் என்றதும் அவர் கண்ணில் பாட்டே ஓடியது. ஒரு வாரம் சொந்த வீடு மாதிரி, வருஷா வருஷம் ஒரு பாட்டு எடுத்துவிடலாம், ஓட்டல் வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டார். அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையையும் விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து, ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் அனுமதி இல்லை என்பதை நான் சொல்லித் தொலைத்தேன். பையில் போன கை வெறும் கையாகவே வெளியே வந்தது.

"இன்னா சார், நம்ம வூடுன்னு சொல்லிக்கினே நாலு பேருக்கு மேல கூடாதுன்றே. டூயட்டுன்னா ஹீரோ, ஹீரோயினு, பின்னால ஆட இருபது பொண்ணுங்கோ, லைட்டுக்கு ஆளு, சோறாக்க ஆளு, எல்லாம் கீது. நான் யார உள்ள வெச்சு யார வெளிய பனில நிறுத்தறது, நீயே சொல்லு?"

சுதந்திரமான புள்ளிகள்

இதற்கிடையில் கம்பெனியே மாமாவைக் கூப்பிட்டது. வாரத்தைப் புள்ளிகளாக மாற்றித் தருகிறோம், வந்தால் ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு என்று. அடையாறில் ஒரு ஹால். மாமா, மாமியோடு துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். டை கட்டிய ஓர் இளைஞர் பேசினார். இனிமேல் டிசம்பர்தான் என்று கட்டாயம் இல்லை, எந்த மாதம் வேண்டுமானாலும் போகலாம், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம், மேற்கொண்டு கொஞ்சம் கட்டினால் போதும். விற்றுத் தலைமுழுக வந்த பட்டாபி மாமா, 'எந்த மாதம் வேண்டுமானாலும்' என்ற இடத்தில் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் விற்க வேண்டிய சுமை இரட்டிப்பாகியிருக்கும்.

மாமிதான் இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தார். புள்ளியைச் செலவழிக்காவிட்டால் என்ன ஆகும்? இரண்டு வருஷத்தில் காலாவதியாகும். நினைத்த வாரம் கிடைக்குமா? பல மாதம் முன்னால் சொன்னால், காலி இருந்தால் கிடைக்கும். நல்ல சீசனுக்கு? அதிகப் புள்ளி. பராமரிப்புக் கட்டணம்? அதுவும் இனிமேல் புள்ளிக் கணக்கில். இளைஞர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மாமி மாமாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடியைப் போட்டார்.

"நம்மாத்து ரேஷன் கார்டு மாதிரின்னா இருக்கு! அந்த மாசச் சர்க்கரையை வாங்கலேன்னா போச்சு, வாங்கப் போனா ஸ்டாக் இல்லை. ஆனா ரேஷன் கடைக்காரன் நம்மகிட்ட வருஷச் சந்தா கேக்கறதில்லையே, தம்பி."

ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். மூடி சரியாகச் சேரவில்லை.

சீர்த்தட்டில் கொடைக்கானல்

ஐப்பசியில் ஒரு வழி பிறந்தது. மந்தைவெளியில் ஒரு பேராசிரியர், பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது, ஃபிரிட்ஜ் இருக்கிறது, புதிதாக என்ன சீர் வைப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தவரிடம் நான் இந்த ஒப்பந்தத்தைச் சொன்னேன். வருஷா வருஷம் தேனிலவு! மனிதர் உருகிவிட்டார். பழைய பாக்கியைக் கட்டி, பெயர் மாற்றச் செலவையும் ஏற்று, மாமாவுக்கும் ஒரு தொகை தருவதாகப் பேச்சு. மாமா எனக்கு வடையும் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு மாமி காப்பி குடிக்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தேங்காய், பழம், புடவை, வெள்ளிக் குங்குமச்சிமிழ், அதற்கடுத்த தட்டில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒப்பந்த நகல். சம்பந்தி அடையாறில் ஆடிட்டர். மற்றவர்கள் புடவையைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நகலை எடுத்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்து வரை படித்தார். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை மனிதர். தேங்காய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இந்தத் தட்டை மட்டும் பேராசிரியர் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"கார் குடுத்தேள்னா பெட்ரோல் நாங்க போட்டுக்கறோம், சார். காரை வெளியில எடுக்காத வருஷத்துக்கும் பெட்ரோல் போடணும்னா எப்படி?"

கையெழுத்து

இனி ஒரே வழி, ஒப்பந்தத்தைக் கம்பெனியிடமே திருப்பிக் கொடுப்பது. சல்லிக்காசு வராது. அதுவும் இந்த வருஷம் வரைக்கும் எல்லாப் பாக்கியையும் கட்டினால்தான் வாங்கிக்கொள்வார்கள். மாமாவிடம் இதைச் சொல்ல எனக்கு நாலு நாள் தைரியம் வரவில்லை. கேட்டவர், விட்டது சனி என்று பி.எஃப். பணத்தில் கடன் எடுத்துக் கட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை.

கட்டி முடித்த அன்றே மாமி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: இந்த டிசம்பருக்குத்தான் காசு கட்டியாகிவிட்டதே, நான் போகிறேன். மாமா வரமாட்டார், அவருக்குக் கச்சேரி. மாமி தெருவில் இன்னும் மூன்று மாமிகளைச் சேர்த்துக்கொண்டு, எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறிப் போயே போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் மாமா சபா கேன்டீனில் சாப்பிட்டதாகக் கேள்வி.

பொங்கல் கழிந்ததும் திருப்பிக் கொடுக்கும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போனேன். மாமா கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருந்ததால் மாமியும் போட வேண்டும். வாங்கியபோது மாமா மனைவி பெயரைச் சேர்த்ததற்குக் காரணம் பாசம் இல்லை. தம்பதி பெயரில் வாங்கினால் ஒரு சூட்கேஸ் இலவசம் என்றார்களாம். மாமி பேனாவைத் தொடவில்லை. "வருஷாவருஷம் கட்டணுமே, மாமி, பென்ஷன்ல முடியுமா?" என்றேன். போய் வந்த நாலு மாமிகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டார்களாம். தலைக்கு மாசம் இவ்வளவு என்று இப்போதே சீட்டு மாதிரி சேர்க்கத் தொடங்கிவிட்டார்களாம். மாமா, "அப்படி அங்கே என்னதாண்டி இருந்தது?" என்று அதட்டினார். மாமி அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

"ஏரியைப் பார்த்தேன், பரவாயில்லை. ஆனா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மார்கழி பூரா அஞ்சு மணிக்கு எழுந்து இவருக்குக் காப்பி போட்டவ நான். அங்கே நான் கண் முழிச்சப்போ மணி எட்டு, சார். யாரும் என்னைத் தேடலை. அதுக்கு வருஷத்துக்கு என்ன விலையோ சொல்லுங்கோ, நான் கட்டிக்கறேன்."

நான் அந்தத் தொழிலில் இருந்தவரை ஒரே ஒரு ஒப்பந்தம்தான் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது, அதற்குத் தரகு கேட்க எனக்கு வாய் வரவில்லை.