குழாயில் கேட்ட கதை

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். குழாய் வேலை செய்கிறவருக்குக் கை பேர்போனதாக இருக்க வேண்டும்; இவருக்குக் காது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க மற்றவர்கள் சுவரை உடைப்பார்கள். இவர் நீளமான திருப்புளி ஒன்றின் முனையைக் குழாயில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பிறகு நிதானமாக, "மூணாவது மாடி, சமையலறைத் தொட்டிக்குக் கீழ" என்பார். உடைத்துப் பார்த்தால் ஒழுகல் அங்கேயேதான் இருக்கும். சுவருக்கும் காது உண்டு என்பார்களே, அந்தக் கட்டடத்துச் சுவர்களுக்கு இருந்த காது இவர்தான்.

அப்பேர்ப்பட்ட காதில் ஒரு பெண்ணின் உயிர் நான்கு நாள் வந்து மோதியது, அவர் அதை ரசித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறை. வாடகை கிடையாது, கூப்பிட்ட நேரத்துக்கு ஓடிவர வேண்டும், அவ்வளவுதான். மகளை அந்த ஒற்றை அறையில் இருந்தே படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். மனைவி துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர், வாய்க்குப் பூட்டுப் போடாதவர். "குழாய்க்குள்ள எறும்பு நடந்தா கேக்குது இவருக்கு. நான் கத்துறது மட்டும் கேக்காது" என்பது அவருடைய நிரந்தரப் புகார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் ஐந்தாவது மாடியில் இருந்தார். மேல் மாடியில் அவர் வீடு ஒன்றுதான். மிச்சமெல்லாம் மொட்டை மாடி. பளிச்சென்று தேய்த்த சட்டை, எல்லோரையும் "வாங்க, போங்க" என்று பேசுகிற மரியாதை, கட்டடம் முழுவதும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவர் மனைவி மட்டும் கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லை. வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார் செயலாளர். எல்லோரும் சரி என்று கேட்டுக்கொண்டார்கள். மகள் வீட்டுக்குத் தாய் போவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அந்தச் செயலாளர்தான் வாசிப்பு வாரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு வாரம், தினம் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை கட்டடத்தில் டிவி ஓடக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, மோட்டார் ஓடக் கூடாது, கைபேசியை அணைத்துவிட வேண்டும். எல்லோரும் புத்தகம் படிக்க வேண்டும். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. வாரக் கடைசியில் பரிசு. செயலாளர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆறு மணிக்கு ஒரு விசில், ஏழு மணிக்கு ஒரு விசில் ஊதுவார். யாராவது படிக்காமல் படியிறங்கி நழுவினால் அன்பாகத் திருப்பி அனுப்புவார்.

"வேலை செய்யறவங்களும் கலந்துக்கணும். படிப்பு எல்லாருக்கும் பொது" என்று காதுக்காரர் கையில் ஒரு தடித்த நாவலைத் திணித்தார். கப்பல் சமையல்காரன் ஒருவனின் கதை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு காதுக்காரர் தொட்ட முதல் கதைப் புத்தகம் அது.

"கொட்டாவி விடுறதுக்கு ஒரு போட்டி வெச்சிருந்தா நீங்கதான் முதல் பரிசு" என்றார் மனைவி.

முதல் நாள் விசில் ஊதியதும் கட்டடம் அடங்கியது. காதுக்காரருக்கு அது புதிதாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மோட்டார் ஓயாமல் உறுமுவதையும், அதற்கு மேலே ஐந்து மாடி டிவிகளும் சேர்ந்து இரைவதையும்தான் அவர் அமைதி என்று நினைத்திருந்தார். இப்போதுதான் உண்மையான அமைதி இறங்கியது. நான்கு வரி படித்தார். கை அரித்தது. சும்மா இருக்க மாட்டாமல் திருப்புளியை எடுத்து, அறைக்குப் பின்னால் குளியலறைக் குழாய்கள் எல்லாம் ஒன்றாக மேலே ஏறிப்போகும் சந்தில் நுழைந்து, பெரிய குழாயில் வைத்துக் கேட்டார்.

ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"கதவைத் தொறங்க. யாராவது இருக்கீங்களா? நான் உள்ளதான் இருக்கேன்."

பிறகு டொக் டொக்கென்று தட்டும் சத்தம். பிறகு மறுபடியும் அதே குரல். பதற்றமில்லாத குரல். அவசரமும் அழுகையும் இல்லாமல், ஒரே சீராக, எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பது போல வந்தது. "இங்க வெளிச்சம் இல்ல. தண்ணி இருக்கு. கதவைத் தொறங்க."

காதுக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடடா, என்ன கதை இது! நம் கையில் கொடுத்த புத்தகத்தில் ஒருவன் பக்கம் பக்கமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறான், அங்கே பார், கதவைத் தட்டுகிற சத்தத்தைக்கூட விடாமல் படித்துக்காட்டுகிறார்கள் என்று நினைத்தார். நாலாவது மாடி டைப்பிஸ்ட் அக்காதான் இது என்று முடிவும் கட்டிவிட்டார். தனியாக இருப்பவர், கோர்ட்டில் தட்டச்சு செய்தவர், வார்த்தையை நிறுத்தி நிதானமாகச் சொல்லுகிறவர்.

"ஏதோ பேய்க் கதை போல இருக்கு. அந்தம்மாவை அடைச்சு வெச்சது யாருன்னு நாளைக்குத் தெரியும்" என்றார் மனைவியிடம்.

"பாத்தீங்களா, அடுத்த வீட்டுக் கதைன்னா காது தானா நீளுது."

இரண்டாம் நாளும் ஆறு மணிக்குச் சந்துக்குள் நுழைந்தார். கதை நகரவில்லை. அதே கதவு, அதே இருட்டு, அதே தட்டல். ஒரே ஒரு புது வரி மட்டும் இருந்தது: "அவர் இப்ப வீட்டுல இல்ல. இப்ப வந்தீங்கன்னா தொறந்திடலாம்." அந்த வரி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஏழு மணி விசில் ஊதியதும் குரல் பாதி வார்த்தையில் நின்றது. நேரம் தவறாமல் நிறுத்துகிறாரே என்று அதையும் மெச்சிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை, விசிலுக்கு முன், படிக்கட்டில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாடி பல் டாக்டரின் பிள்ளைகளும் வேறு சிலரும். ஒருத்தி மின்சாரப் பெட்டிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்னாள்: "கதவைத் தொறங்க. நான் உள்ளதான் இருக்கேன்." அதே சீரான குரல். மற்றப் பிள்ளைகள் வெளியே நின்று, "தொறக்க மாட்டோமே!" என்று கைகொட்டிச் சிரித்தார்கள். காதுக்காரருக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

நாற்காலியோடு கீழே இறங்கி வந்த செயலாளர் நின்றார்.

"இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"கதைல வருது அங்கிள். பாத்ரூம்ல கேக்கும்."

செயலாளர் அந்தச் சிறுமியின் தலையைத் தடவினார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. "நல்லா படிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மாடி ஏறினார். அன்று விசில் தாமதமாகத்தான் கேட்டது.

அன்றும் மறுநாளும் குரல் மெலிந்துவிட்டது. போர்வைக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. தொண்டை கட்டியிருக்கும், பாவம், வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார் நம் ஆள். எனக்கு இந்த இடத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் நானும் நீங்களும் அந்தச் சந்தில் நின்றிருந்தால் வேறு எதை நினைத்திருப்போம்? கட்டடமே கதை படிக்கிற நேரத்தில் காதில் விழுவதெல்லாம் கதைதான்.

இதற்கிடையில் அந்தக் கப்பல் சமையல்காரன் அவரை எப்படியோ பிடித்துக்கொண்டான். எழுத்துக் கூட்டிப் படித்தவர் இப்போது வரி வரியாகப் படித்தார். ஐந்தாம் நாள் மனைவிக்கு வாய்விட்டே படித்துக்காட்டினார். "'பசிக்குது' என்றான் மாலுமி. 'பொறு' என்றான் சமையல்காரன்."

"இது என்ன, ஆளாளுக்கு என்றான் என்றான்னு?" என்றார் மனைவி.

"கதைன்னா அப்படித்தான். இல்லேன்னா யாரு சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?"

சொன்னவர் சொன்னபடியே நின்றுவிட்டார். அந்தக் குரல் ஒரு தடவைகூட 'என்றாள்' என்று சொல்லவில்லையே. மழை பெய்தது என்றோ பொழுது விடிந்தது என்றோ ஒரு வார்த்தை வரவில்லையே. குழாயில் சொட்டு விழுவது கேட்கிற காதுக்கு இத்தனை நாளும் ஒரு பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கவில்லையே.

"அது கதையில்ல" என்றார்.

"எது?"

அவர் அதற்குள் எழுந்துவிட்டார். திருப்புளியையும் குழாய்ப் பிடிகருவியையும் எடுத்துக்கொண்டு பின்படி வழியாக ஓடினார். டைப்பிஸ்ட் அக்கா விழுந்து கிடக்கிறார், கதவை உடைக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனசில். நாலாவது மாடியில் கதவைத் தட்டினார். கதவு உடனே திறந்தது. மூக்குக் கண்ணாடியும் கையில் புத்தகமுமாக டைப்பிஸ்ட் அக்கா நின்றார்.

"என்னப்பா, மூச்சு வாங்குது?"

"அக்கா, நீங்க... பாத்ரூம்ல தினம் படிக்கிறது நீங்க இல்லையா?"

"நானா? நான் வாயத் தொறந்தே படிக்க மாட்டேனே. அது பல் டாக்டர் வீட்டம்மா இல்ல? அவங்க என்னைத்தான் சொல்றாங்க, நீங்க பிரமாதமா படிக்கிறீங்கன்னு. அவங்க அடக்கத்துல அப்படிச் சொல்றாங்கன்னு நெனச்சு, நேத்து ரொம்பச் சன்னமா கேட்டுதேன்னு, பாத்ரூம் ஜன்னல் வழியா 'கொஞ்சம் சத்தமா படிங்க'ன்னு கூடச் சொன்னேன்."

மேல்வீட்டுக்காரி என்று கீழ்வீட்டிலும், கீழ்வீட்டுக்காரி என்று மேல்வீட்டிலும் நினைத்து, கட்டடமே காது கொடுத்து உட்கார்ந்திருந்திருக்கிறது. காதுக்காரர் கேளாமலே உள்ளே நுழைந்து, அவர் குளியலறைக் குழாயில் திருப்புளியை வைத்தார். கண்ணை மூடினார். குரல் இருந்தது. வார்த்தையாக இல்லை; வெறும் காற்றாக. கீழே இருந்து வரவில்லை. மேலே இருந்து வந்தது.

"மேலயா? மேல செயலாளர் வீடுதானே" என்றார் அக்கா. சொல்லும்போதே அவர் முகம் மாறியது.

ஐந்தாவது மாடிக் கதவில் ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டுத் தொங்கியது. கீழே முற்றத்தில், கால்மேல் கால் போட்டபடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செயலாளர் உட்கார்ந்திருப்பது மாடிச் சுவரின் மேலிருந்து தெரிந்தது.

"நமக்கு எதுக்குப்பா வம்பு? அவர்கிட்டயே போய்ச் சாவி கேப்போமே" என்று அக்கா குரலைத் தாழ்த்தினார்.

காதுக்காரருக்கும் பயம்தான். இந்தப் பூட்டு உடைந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றால் கீழ் அறையும் போயிற்று, வேலையும் போயிற்று. மனைவியோடு நாளைக்கு எந்தத் தெருவில் நிற்பது? உடைக்காமல் கீழே போய்ச் சாவி கேட்டால், அவர் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்; உள்ளே இருக்கிற அம்மாள் இன்னொரு ராத்திரி அந்த வீட்டில் இருக்க வேண்டும். அப்புறம் குரலே வராது. அவர் பிடிகருவியை இரண்டு பூட்டுக்குள்ளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து முறுக்கினார்.

வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. மேசைமேல் பரிசுப் புத்தகங்கள் வண்ணத் தாளில் கட்டித் தயாராக அடுக்கியிருந்தன. உள்ளறைக்கு உள்ளே குளியலறை. கதவுக்கு வெளியே புதிய தாழ்ப்பாள். கீழ் இடுக்கில் துண்டு அடைத்திருந்தது. குழாய்ச் சந்தின் பக்கம் இருந்த காற்றுத் துவாரத்துக்கு உள்பக்கம் பலகை வைத்து ஆணி அடித்திருந்ததைப் பிறகு பார்த்தார்கள்.

ஏன் அடைத்தார் என்பதற்குப் போலீசில் செயலாளர் ஒரு காரணம் சொன்னார். கட்டடத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மனைவிக்குப் புத்தி சரியில்லையாம்; இல்லை, அந்த அம்மாள் பிரிந்து போகிறேன் என்றாராம். எனக்கு எந்தக் காரணமும் வேண்டாம். ஊருக்கெல்லாம் வாசிப்பைப் போதித்துவிட்டு, வீட்டுக்காரியைக் குளியலறையில் பூட்டிவிட்டு வந்து விசில் ஊதிய மனுஷனுக்குக் காரணம் ஒரு கேடா?

காதுக்காரர் தாழ்ப்பாளை இழுத்தார். உள்ளே இருட்டு. கவிழ்த்த வாளியின் மேல் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். வாய் குழாயோடு ஒட்டியிருந்தது. வெளிச்சம் பட்டும் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அம்மா" என்றார் காதுக்காரர். "அம்மா, தொறந்தாச்சு."

அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருவரையும் பார்த்தார். குரல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அறுந்த மூச்சு மூச்சாகத்தான் வந்தது.

"கொஞ்சம் சத்தமான்னு சொன்னாங்க. பேசிப் பாத்தேன். இதுக்கு மேல எனக்கு வரல."

டைப்பிஸ்ட் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.